ஆறடிக்குள் ஆடுகிறவனுக்கு என்ன பிளேடு?

"14,000 ரூபாய்க்கு ஒரு பிளேடு வாங்கியிருக்கிறேன்" என்று வீட்டில் சொன்னபோது அம்மா பார்த்தது என் தாடியை. "எத்தன வருசத்துக்குச் சேத்து வாங்குன?" என்று கேட்டார். டேபிள் டென்னிஸ் பேட்டுக்குள் இருக்கிற மரப்பலகைக்குத்தான் பிளேடு என்று பெயர், அதன் இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டினால்தான் அது பேட் ஆகும், ரப்பருக்குத் தனிக்காசு என்று விளக்க ஆரம்பித்து, ரப்பர் விலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். மீதியை அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தது.

அந்தப் பிளேடு இப்போது என்னிடம் இல்லை. அதை ஏன் வாங்கினேன், ஏன் கைமாற்றினேன், நடுவில் எட்டு மாதம் ஓர் அறுபத்தெட்டு வயதுக்காரரிடம் எப்படியெல்லாம் தோற்றேன் என்று எழுதிவைக்க ரொம்ப நாளாக நினைப்பு. பிளேடு வாங்கக் கிளம்பியிருக்கிற யாராவது படித்தால் அவர்களுக்குக் கொஞ்சம் காசு மிஞ்சும்.

இடத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நான் இருப்பது கீழக்கரை, வேலை ராமநாதபுரத்தில். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, ஏழு மணிக்கு ஆட்டம். பழைய கட்டடம் ஒன்றின் மாடி; கீழே ஒரு காலத்தில் கிட்டங்கி இருந்ததாம். ஒரே மேசை. அதன் இரும்புக் கால்களுக்கு வருசத்துக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடிக்கிறோம், உப்புக்காற்று இரண்டு தடவையும் உரித்துப் போடுகிறது. கூடத்தின் நீளம் ஆறரை மீட்டர், மேசை 2.74 மீட்டர். கழித்து இரண்டாக வகுத்தால் ஆளுக்கு 1.88 மீட்டர், அதாவது ஆறடிக்கு இரண்டு விரல்கடை கூடுதல். உலகப் போட்டிகளில் ஆடுகளம் குறைந்தது 14 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்று விதி. அங்கே ஒருவர் பின்னால் போய் நிற்க ஐந்தரை மீட்டருக்கு மேல் இருக்கிறது. எங்கள் மாடியில் பின்னால் போனால் சுவர். முழங்கையில் சுண்ணாம்பு ஒட்டும்.

அப்புறம் காற்று. பந்தின் எடை 2.7 கிராம். ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் பந்து தானாகவே வளைந்து போகும், நாம் ஸ்பின் போட வேண்டியதே இல்லை. ஜன்னலை மூடினால் புழுக்கம், மின்விசிறி போட்டால் மறுபடி காற்று. ஐப்பசி கார்த்திகையில் வாடை வந்துவிட்டால் வேறு தொல்லை: ரப்பர் மேல் ஈரம் பூத்துவிடும், டாப் ஸ்பின், அதாவது பந்தை முன்பக்கமாகச் சுழலவிடுகிற அடி, அடிக்கப் போனால் பந்து பிடிபடாமல் வழுக்கி வலையில் விழும். இரண்டு புள்ளிக்கு ஒரு தடவை பனியனில் துடைத்துக்கொண்டே ஆடுவோம்.

இந்த இடத்தில் ஆடுகிற நான், 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் சரத் கமல் நாற்பது வயதில் ஒற்றையர் தங்கம் வாங்கியதைப் பார்த்தேன். 2006இல் மெல்பர்னில் வாங்கிய அதே தங்கம், பதினாறு வருசம் கழித்து மறுபடி. எனக்கு அப்போது முப்பத்தாறு. நமக்கு இன்னும் நாலு வருசம் பாக்கியிருக்கிறது என்று ஒரு கணக்கு ஓடியது. மனுசன் மேசையை விட்டுத் தள்ளி நின்று, இடுப்பிலிருந்து தோள் வரை முறுக்கி, ஃபோர்ஹேண்டில் ஒரு டாப் ஸ்பின் போடுவார் பாருங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கார்பன் தேட ஆரம்பித்தேன். துபாயில் இருக்கிற பள்ளித் தோழன் லீவுக்கு வரும்போது வாங்கி வந்தான். மேல் அடுக்குக்கு நேர் கீழேயே கார்பன் நார் வைத்த வகை. இரண்டு பக்கமும் இருப்பதிலேயே தடியான ஸ்பாஞ்ச் ரப்பர் ஒட்டிக்கொண்டு, ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாடி ஏறினேன்.

முதல் பந்திலேயே சத்தம் வேறு. பழைய பேட்டில் 'டொக்' என்று கேட்கும், இதில் 'டிக்'. அந்த 'டிக்' எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பந்து மேசையைத் தாண்டி ஜன்னல் கம்பியில் மோதிய சத்தம் மட்டும்தான் பிடிக்கவில்லை.

எதிரில் நின்றவர் எங்கள் காக்கா. எனக்குச் சொந்த அண்ணன் இல்லை; ஊரில் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம், மாடியில் எல்லோருக்குமே அவர் காக்காதான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார். சென்னையில் கல்லூரியில் படித்தபோது வாங்கிய பேட், பிடியில் பெயரெல்லாம் தேய்ந்து போய் என்ன கம்பெனி என்று அவருக்கே நினைவில்லை. ஐந்து அடுக்கு மரம், நேரான பிடி. ஃபோர்ஹேண்டில் சாதாரண ரப்பர், பேக்ஹேண்டில் நீள பிம்பிள்ஸ், அதாவது நீளமான புள்ளிகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற ரப்பர். அவர் அடித்து ஜெயித்து நான் பார்த்ததே அபூர்வம். பந்தைத் திருப்பி வைப்பார், அவ்வளவுதான். மறுபடி வைப்பார். நாம் டாப் ஸ்பின் போட்டால் அந்த பிம்பிள்ஸில் பட்டு சாப்பாக, அதாவது பின்பக்கமாகச் சுழன்றபடி, திரும்பி வரும், கத்தி மாதிரி இறங்கும். மூன்றாவது நாள் 11-4க்குத் தோற்றுவிட்டு நான் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பந்துக்கு ஒண்ணும் அவசரம் இல்ல தம்பி, ஒங்க பலகைக்குத்தான் அவசரமா இருக்கு" என்றார்.

பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கார்த்திகை போயிற்று, தை போயிற்று, பங்குனியும் போயிற்று.

கோடை லீவுக்கு அக்கா மகன் வந்தான். மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான், பதினைந்து வயது, அங்கே பயிற்சிக்குப் போகிறவன். ஜன்னல் திண்டில் போனைச் சாய்த்து வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க எங்கள் ஆட்டத்தை எடுத்தான். ஐந்து ஆட்டம், ஐந்திலும் நான் தோல்வி, ஒன்றுகூட 10-10 என்ற டியூஸுக்குப் போகவில்லை. ஆக காக்காவுக்குக் கிடைத்த புள்ளி 55. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த 55ம் எப்படிப் போனது என்று கோடு போட்டேன்.

அவர் தானாக அடித்து வாங்கியது ஒன்பது. நான் சர்வீஸைக் கோட்டைவிட்டது நாலு. பேட்டிலேயே படாமல் போனது நாலு, வலையில் போட்டது பதினொன்று. மீதி 27 பந்தும் மேசையைத் தாண்டி வெளியே விழுந்தவை. அந்த 27ஐயும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்: பதினொன்றுதான் டாப் ஸ்பின். பதினாறு பந்து, நான் புஷ் செய்தோ பிளாக் செய்தோ சும்மா தொட்டு வைக்கப் பார்த்தவை. எல்லாமே ஒரு சாண், இரண்டு சாண் வித்தியாசத்தில் வெளியே.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதுதான் ரொம்ப வலித்தது. நான் என்னை டாப் ஸ்பின் ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீடியோவில் இருக்கிற ஆள் ஒரு டாப் ஸ்பின் போட்டால் நாலு புஷ் போடுகிறான். அதுவும் நல்ல புஷ். பேக்ஹேண்ட் பிளாக்கூட மோசமில்லை, பொறுமையான ஆள்தான். அந்த ஆளுக்கு அந்தப் பிளேடை வாங்கிக் கொடுத்தது நான்.

கடையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "உங்க ஸ்டைல் என்ன?" கேட்கிறவரும் சளைக்கமாட்டார், சொல்கிறவனும் சளைக்கமாட்டான்: "அட்டாக்கிங்." இத்தனை வருசத்தில் "நான் பயந்து பயந்து ஆடுகிறவன்" என்று சொல்லிப் பிளேடு வாங்கிய ஒருத்தரைக்கூட நான் சந்தித்ததில்லை. அதனால் யார் என்னிடம் பிளேடு பற்றிக் கேட்டாலும் இப்போது ஒரே பதில்தான். கம்பெனி பெயரெல்லாம் அப்புறம். ஒரு சாயங்காலம் வீடியோ எடுங்கள், தோற்ற புள்ளியை எண்ணுங்கள், 9-9 என்று இருக்கும்போது உங்கள் கை தானாக என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தக் கைக்குத்தான் பிளேடு வேண்டும்.

பிளேடு என்னதான் செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பாதிக்குமேல் மந்திரம்போல் பேசுகிறார்கள். மெதுவாகத் தொடும்போது பந்து பெரும்பாலும் ரப்பரோடேயே பேசிவிட்டுப் போய்விடும். வேகம் கூடக்கூட ஸ்பாஞ்ச் நசுங்கும், அடியின் பலம் மரம் வரை இறங்கும். மரம் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் பந்து ஒரு நொடிப்பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கையில் நிற்கிறமாதிரி தோன்றும். விறைப்பாக இருந்தால் பட்டவுடன் தெறிக்கும். இவ்வளவுதான் விஷயம். கார்பனோ மற்ற நாரோ வைத்தால் மரம் விறைக்கும், எடை கூடாமலேயே வேகம் கூடும், பலகையின் ஓரத்தில் பட்ட பந்தும் ஏறக்குறைய நடுவில் பட்டதுபோல் போகும். அதையும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும், நார் வைக்கிற ஒவ்வொரு அடுக்கும் மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீட்டர், இரண்டில் எது குறைவோ அதற்குள் அடங்க வேண்டும். தாள் தடிமன் நார் அது. அதற்குத்தான் இவ்வளவு விலை.

நார் எந்த இடத்தில் இருக்கிறது என்பது விலையைவிட முக்கியம். மேல் மரத்துக்கு நேர் கீழே இருந்தால் லேசாகத் தொட்டாலே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். என்னுடையது அந்த வகை. நடு மரத்தை ஒட்டி உள்ளே வைத்தால் மெதுவான பந்துக்கு மரம்போலவே இருந்து, ஓங்கி அடிக்கும்போதுதான் வேகம் காட்டும். முழுப்பழியையும் பிளேடின் மேல் போடவும் கூடாது. தடி ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொண்டதில் பாதிக் குற்றம் இருக்கிறது, அதை ஒட்டியவனும் நான்தான்.

சத்தத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் ஒரு பழைய கதை உண்டு. 1952இல் உலகப் போட்டி பம்பாயில் நடந்தது. அதுவரை எல்லோரும் மரத்தின் மேல் வெறும் புள்ளி ரப்பர் ஒட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள், பந்து படும் சத்தத்தை வைத்தே எதிராளியின் அடி என்ன என்று பாதி கணித்துவிடலாம். ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு இறங்கினார். சத்தமே இல்லை. ஒற்றையர் பட்டம் அவருக்கு. இன்றைய ரப்பர்கள் எல்லாம் அந்த ஸ்பாஞ்சின் வாரிசுகள்தான். ஸ்பாஞ்சும் மேல் ரப்பரும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் பின்னால் வந்தது.

சத்தத்தில் ஆளை எடைபோடுகிற ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். சித்தப்பா மண்டபத்தில் வள்ளம் கட்டுகிறவர். கட்டுகிறவர் என்பதைவிட இப்போது பழுது பார்க்கிறவர் என்று சொல்வதுதான் சரி, புதிதாக இறங்குவது பெரும்பாலும் ஃபைபர் படகு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரையேற்றிய படகுகளில் வேலை குவிந்துகிடக்கும். அந்த நெருக்கடியில்தான் நான் பேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ரப்பரைப் பிரித்துவிட்டு வெறும் பலகையைக் கையில் கொடுத்தேன். படகின் அடிமரமான ஏராவை அவர் தட்டினால் போதும், எந்தப் பக்கம் பலகை உள்ளே மக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இதை இரண்டு விரலில் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு, சுத்தியல் பிடியின் நுனியால் ஒரு தட்டு தட்டினார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தட்டு.

"உள்ள என்னடா வச்சிருக்கான்?"

"கார்பன் சித்தப்பா. நார் மாதிரி."

"அதான, மரம் பேசவே மாட்டேங்குது." விலையைக் கேட்டார். சொன்னேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். "இங்கயும் வந்துருச்சா ஃபைபரு."

அன்றைக்குச் சாயங்காலமே, கிடந்த பூவரசம் பலகையில் என் பேட்டை வைத்து பென்சிலால் சுற்றுக்கோடு போட்டார். வெட்டி, இழைத்து, ஓரத்தை அரத்தால் ராவி, பிடிக்கு இரண்டு பக்கமும் துண்டு வைத்து ஒட்டி, மறுநாள் காலை கையில் கொடுத்தார். ஒரே பலகை, 8 மில்லிமீட்டர் தடிமன். மளிகைக் கடைத் தராசில் போட்டால் 130 கிராம். கடையில் வாங்குகிற பிளேடுகள் பெரும்பாலும் 80க்கும் 95க்கும் நடுவில் இருக்கும், அதன்மேல் ரப்பர் சேர்த்தால் 170, 185. சித்தப்பாவின் பேட்டில் ரப்பர் ஒட்டினால் இருநூறைத் தாண்டிவிட்டது. விதிப்படி அது செல்லும் என்பதுதான் வேடிக்கை: பேட் எந்த அளவிலும் எந்த வடிவத்திலும் எந்த எடையிலும் இருக்கலாம், பலகை தட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் போதும்.

மாடியில் கொண்டுபோய் ஆடினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், புஷ் ஒன்றுகூட வெளியே போகவில்லை. பந்து சாந்தமாகப் போய் விழுந்தது. காக்காவோடு ஒரு ஆட்டம் 11-9 வரை போயிற்று. இரண்டாவது ஆட்டத்தில் மணிக்கட்டு விட்டுப்போச்சு. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் பலகை ஓடுபோல் வளைந்துகொண்டது, அதோடு விதிப்படியும் செல்லாமல் போனது. சித்தப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஒத்தப் பலக வளையாம என்ன செய்யும்? கடையில விக்கிறது ஒட்டுப் பலகதான? குறுக்க நெடுக்க வச்சு ஒட்டியிருப்பான்" என்றார். ஆமாம், ஐந்து அடுக்கில் பெரும்பாலும் நடு மரமும் மேல் மரமும் பிடியின் நீளவாக்கில் ஓடும், இடையில் இருக்கிற இரண்டும் குறுக்கே ஓடும். ஒன்று வளையப் பார்த்தால் மற்றது விடாது. அந்தப் பூவரசு பேட்டில் இப்போது அம்மா பூண்டு நசுக்குகிறார்.

ஒற்றைப் பலகை பேட் உலகத்திலேயே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜப்பானில் ஹினோக்கி என்ற சைப்ரஸ் மரத்தில், பேனா பிடிக்கிறமாதிரி பிடித்து ஆடுகிறவர்களுக்காக 9, 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே பலகையாகச் செய்வார்கள். ஹினோக்கி லேசான மரம், பூவரசு அப்படியில்லை. வழக்கமான ஐந்தடுக்குப் பிளேடில் நடுவில் அயூஸ் மாதிரி லேசான மரம், மேலே லிம்பா அல்லது கோட்டோ இருக்கும். மூன்றுமே மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்து மரங்கள். மேலே லிம்பா இருந்தால் தொடுகை மெத்தென்று இருக்கும், கோட்டோ கொஞ்சம் கடினம், 'டிக்' பக்கம் சாயும்.

சரி, யாருக்கு எது? டாப் ஸ்பின்தான் உங்கள் கையில் தானாக வருகிறது என்று நோட்டு சொன்னால், ஐந்தடுக்கு, முழுக்க மரம், வளைந்து கொடுக்கிற வகை. பந்தைப் பிடித்துச் சுழற்ற நேரம் கிடைக்கும். அதில் அடித்து அடித்து, மரத்தால் இதற்குமேல் முடியாது என்று உங்களுக்கே தோன்றுகிற நாளில் உள்ளே நார் வைத்ததற்குப் போகலாம். மேசையை ஒட்டியே நின்று பிளாக் செய்து, தூக்கி வந்ததைத் தட்டையாக அறைகிறவர் என்றால், முக்கியமாகக் குட்டை பிம்பிள்ஸ் வைத்திருந்தால், ஏழடுக்கு மரம் நன்றாக இருக்கும். ஸ்டிகா கிளிப்பர் அந்த வகைக்குப் பழைய உதாரணம். விறைப்பு இருக்கும், ஆனால் கார்பன் மாதிரி திடுக்கிட வைக்காது. நம் நாட்டு வீரர் சத்தியன் ஞானசேகரன் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், மேசையை விட்டு நகராமலேயே சடசடவென்று. அந்தமாதிரி ஆட்டத்துக்கு அந்த வேகம் வேண்டும். அவர் காலும் வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

சாப் ஆட்டக்காரர்களுக்கு மெதுவான பிளேடு, பலகையும் வழக்கமான 157க்கு 150 மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் பெரிது. தென் கொரியாவின் ஜூ சே ஹ்யூக் 2003இல் பாரிஸ் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சாப்பை வைத்தே போனார், ஃபோர்ஹேண்டில் திடீர் திடீரென்று தாக்கவும் செய்வார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பின்னால் போக இடம் வேண்டும், எங்கள் சுவருக்கு அது ஒத்துவராது. காக்கா மாதிரி மேசைக்குப் பக்கத்திலேயே நின்று நீள பிம்பிள்ஸில் ஆடுகிறவர்கள் தனி ரகம். இந்திய வீராங்கனை மனிகா பத்ரா பேக்ஹேண்டில் வைத்திருப்பது அந்த நீள பிம்பிள்ஸ்தான். பேட்டைக் கையிலேயே சட்டென்று புரட்டி இரண்டு பக்கத்தையும் மாற்றி ஆட நினைப்பவர்களுக்கு நேரான பிடி வசதி. அடியில் விரிகிற பிடியில் ஒவ்வொரு தடவையும் சின்ன விரல் இடறும். வியர்க்கிற ஊரில் விரிந்த பிடி கை நழுவாமல் காக்கும் என்பதும் உண்மை. பிடியை மட்டும் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பெட்டியில் போட்டிருக்கிற ஆல், ஆஃப் மைனஸ், ஆஃப், ஆஃப் பிளஸ் என்ற வேக முத்திரைகளை ஒரே கம்பெனிக்குள் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒருவருடைய ஆஃப் மைனஸ் இன்னொருவருடைய ஆஃபைவிட வேகமாக இருக்கும். அதைவிட உபயோகமானது எடை. ஒரே மாடலிலேயே ஒன்று 82 கிராம் இருக்கும், ஒன்று 93 இருக்கும், மரம்தானே. அந்தப் பதினோரு கிராம் பலகையின் தலைப்பக்கம் இருந்தால் மூன்றாவது ஆட்டத்தில் முழங்கை சொல்லும். விற்கிறவரிடம் எடை போட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். 2000இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது, 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. இரண்டு தடவையும் ஸ்பின்னும் வேகமும் கொஞ்சம் குறைந்தன. 2008இல் ரப்பரைத் துள்ளவைக்கிற அந்த வீரியப் பசையையும் தடை செய்தார்கள். இழந்த வேகத்தை ஈடுகட்ட மேல்மட்ட ஆட்டக்காரர்கள் விறைப்பான பிளேடு, துள்ளலான ரப்பர் என்று போனார்கள், அது நியாயம். தினம் ஆறு மணி நேரம் பயிற்சி எடுக்கிறவர் இழந்த வேகம் அது. வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் ஆடுகிற எனக்கு இழக்கவே எதுவும் இருந்ததில்லை.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. ரப்பரை உரிக்கும்போது மேல் மரம் செதில் செதிலாக ரப்பரோடு வந்துவிடும், ஈரக்காற்றில் கிடந்த பிளேடு என்றால் இன்னும் மோசம். எனக்கு ஒரு தடவை கட்டைவிரல் அகலத்துக்கு வந்தது. புதுப் பிளேடுக்கு ரப்பர் ஒட்டுமுன் மெல்லிசாக ஒரு கை வார்னிஷ், துணியில் தொட்டுத் தடவி, காயவைத்து ஒட்டுங்கள். கெட்டியாகப் பூசினால் மரம் மரத்துப்போகும். தண்ணீர்ப் பசை வாடைக் காலத்தில் லேசில் காயாது. வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் தெளியும்வரை பொறுங்கள், பொறுமை இல்லாவிட்டால் இரண்டாம் நாளே ஓரம் எழும்பும். பேட்டை பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். இந்த வெயிலில் கருவாடே சுக்காகிறது.

நான் கடைசியில் வாங்கியது யசாகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா. ஐந்தடுக்கு, முழு மரம், 86 கிராம், கார்பனுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதே வகையில் ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக்கும் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் மெது, புதிதாக ஆட வருகிறவர்களுக்கு யோசிக்காமல் அதைச் சொல்லிவிடுவேன். ரப்பரையும் 1.8 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சுக்கு இறக்கிவிட்டேன். மறுபடி வீடியோ எடுத்து எண்ணியபோது வெளியே போன புஷ்ஷும் பிளாக்கும் சேர்த்து ஐந்து. கார்பனை அக்கா மகனுக்குக் கொடுத்தேன். அவனுக்கு மதுரையில் ஓடி ஆட இடம் இருக்கிறது, பையனுக்குக் கால் இருக்கிறது, பயிற்சியாளர் பார்த்துவிட்டு மெல்லிய ரப்பராக மாற்றிக் கொடுத்திருக்கிறார். அவன் கையில் அதே 'டிக்' சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. போன லீவில் என்னை மூன்று ஆட்டத்திலும் அடித்தான், அந்தப் பலகையில் ஒரு தப்பும் இல்லை.

இதற்கு நடுவில் காக்காவின் பேட் ஆட்டம் கண்டது. பிடியின் ஒரு பக்கத்துச் சில் விட்டுப்போய், அடிக்கும்போதெல்லாம் கிறுகிறுவென்று ஒரு சத்தம். ஒரு வாரம் துணி சுற்றி ஆடினார், பந்து எங்கே போகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. சொல்லவே கூச்சம், அந்த வாரம் நான் அவரை நாலு தடவை ஜெயித்தேன். புது பிளேடு வாங்கலாமே காக்கா என்றேன். "என்ன பேர் சொல்லிக் கேக்குறது?" என்றார்.

வாங்கிக்கொண்டு மண்டபம் போனேன். சித்தப்பா பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் பூசி, பிடியோடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி அப்படியே விட்டார். காலையில் நூலை அறுத்துவிட்டு, கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தட்டு தட்டிவிட்டு, "இத யாரு செஞ்சான்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவு மாடியில் காக்கா பேட்டை வாங்கி, ஃபோர்ஹேண்ட் பக்கம் மேலே வருகிறமாதிரி பிடித்து, பந்தை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டார். அது துள்ளி அடங்கும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி விட்டார். மூன்றாவது தடவை பந்தைப் பிடித்துக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டி, "சர்வீஸ் என்னோடது தம்பி" என்றார். 11-7, 11-6.